ஆரவாரத்திற்குப் பின்

விழா என்பது ஓர் ஊர் தன்னைத் தானே கண்டு மகிழும் நாள். ஆண்டு முழுவதும் வண்டிகளுக்கும் வணிகத்துக்கும் உரியதாய் இருந்த தெரு, அன்று மட்டும் மக்களுக்கு உரியதாகிறது. முதலாளியும் தொழிலாளியும், கற்றவரும் கல்லாதவரும் ஒருவர் தோளோடு ஒருவர் தோள் உரச நிற்கின்றனர். விளையாட்டரங்கிலும் இதுவே நிகழ்கிறது. தம் குழு கோல் புகுத்திய நொடியில், பக்கத்தில் இருப்பவர் எவ்வினத்தார், எம்மொழியார் என்று எவரும் கேட்பதில்லை; கட்டித் தழுவிக் கொள்கின்றனர்.

இத்தகைய கூட்டத்தின் நடுவே தொலைவான நாட்டிலிருந்து வந்த ஓர் ஆப்பிரிக்கர் நிற்கிறார் என்று கொள்வோம். அவருக்கும் இடம் கிடைக்கிறது. குடிக்கத் தண்ணீர் தருகின்றனர். அவரும் கூவுகிறார், பிறரும் அவரோடு சேர்ந்து கூவுகின்றனர். அந்த இரவில் அவர் அயலார் அல்லர். ஆயின், பொழுது விடிந்தபின் அவர் வாடகைக்கு ஓர் அறை தேடிச் சென்றால் என்ன நிகழும்? முன்னிரவில் தோள் கொடுத்த அதே ஊர் அவருக்குக் கதவைத் திறக்குமா? விழாவிலும் விளையாட்டிலும் பிறக்கும் உறவு மெய்யான உறவா, அன்றி ஆரவாரம் அடங்கியதும் கலைந்துபோகும் மயக்கமா? இது யாரோ ஒரு வேற்று நாட்டாரைப் பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால், இது நம்மைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இக்கேள்வியை எழுப்புதற்கு ஜொகூர் பாரு பொருத்தமான ஊர். 1855ஆம் ஆண்டு தெமங்கோங் டாயிங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரியில் நிறுவிய அவ்வூர், 1866இல் ஜொகூர் பாரு என்னும் பெயரைப் பெற்றது. ‘பாரு’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். பெயரிலேயே புதுமையைத் தாங்கிய அவ்வூரை வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் புதிதாய் வந்தவர்களே. மிளகும், தோல் பதனிடப் பயன்படும் கம்பீர்ச் செடியும் பயிரிடச் சீனர் வந்தனர். பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும், சாலை, இருப்புப்பாதைப் பணிகளுக்கும் தமிழர் வந்தனர். ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். இன்று மண்ணின் மைந்தர் என்று தம்மைக் கருதிக்கொள்வோர் பலருடைய பாட்டனாரோ முப்பாட்டனாரோ ஒரு காலத்தில் கையில் மூட்டையோடு கரையில் இறங்கி நின்றவர்தாம்.

நகரின் நடுவே ஜாலான் துருஸ் என்னும் தெரு உள்ளது. அங்குள்ள பழைய சீனக் கோயிலில் 1870ஆம் ஆண்டைக் குறிக்கும் பெயர்ப்பலகை ஒன்று காக்கப்படுகிறது. அதே தெருவில் சீக்கியரின் குருத்துவாரா இருக்கிறது. சற்றே நடந்தால் ஜாலான் உங்கு புவானில் நூறாண்டு கடந்த இராஜமாரியம்மன் கோயில். பூ மணமும் ஊதுவத்தி மணமும் கலந்து வீசும் பகுதி அது.

சீன ஆண்டின் முதல் திங்களில், இருபதாம் நாள் தொடங்கி மூன்று நாள், அச்சீனக் கோயிலின் தெய்வங்கள் திருவுலாப் போகின்றன. ‘சிங்கே’ என்று அவ்விழாவை அழைப்பர். தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனியர், ஹைனானியர் ஆகிய ஐந்து மொழிக்குழுவினர் ஆளுக்கொரு தெய்வத்தைத் தாங்குகின்றனர். ஐந்து தெய்வங்கள் ஐந்து பல்லக்குகளில் ஊரை வலம் வருகின்றன. பல்லக்கைத் தாங்குவோர் அதனை அசைத்து ஆட்டி, வளம் பெருகுக என்று தம் மொழியில் முழக்கமிட்டுச் செல்வதைக் காணும் தமிழருக்குக் காவடியாட்டமும் தேரோட்டமும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்வுலாவுக்கு முதல் நாள் தெருவைத் தூய்மை செய்யும் சடங்கு ஒன்றும் உண்டு. தெய்வம் வரும் வழியைத் தூய்மை செய்தல் நமக்கும் பழக்கமானதே. ஐந்து மொழிக்குழுவினர் தத்தம் தெய்வத்தைத் தனித்தனி நாளில் உலாக் கொண்டுசென்றிருக்கலாம். அவ்வாறின்றி ஒரே கோயிலில், ஒரே உலாவில் அனைவரும் இணைந்ததே இவ்விழாவின் சிறப்பு. புதிய ஊருக்கு வந்தவர்கள் ஒருவரோடொருவர் வாழக் கற்றுக்கொண்ட பாடம் அவ்வுலாவில் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது எனலாம்.

தெருவிழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. காற்பந்தோ ஆண்டு முழுவதும் நடக்கும் விழா. ஜொகூர் குழு 1985ஆம் ஆண்டில் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1991இல் மீண்டும் வென்றது. 2013இல் ஜொகூர் டாருல் தக்சிம் என்னும் பெயரில் குழு புத்துருப் பெற்றது. 2014 முதல் நாட்டின் முதன்மை லீக் பட்டம் அதன் கையைவிட்டு நீங்கவில்லை. 2015 அக்டோபர் 31ஆம் நாள் தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கைப்பற்றியது. தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கின் வடிவம் வாழையிலையைக் கருதி அமைக்கப்பட்டதாகும். விருந்தினருக்கு விரிக்கும் இலையின் வடிவில் ஒரு விளையாட்டரங்கு அமைந்திருப்பது தமிழருக்கு ஒரு குறிப்பை உணர்த்தாமல் போகாது.

பழைய லார்க்கின் அரங்குக்கும் ஒரு தனிப்பெருமை உண்டு. 1997 நவம்பர் 16ஆம் நாள் ஜப்பானும் ஈரானும் அங்கே மோதின. ஜப்பான் 3-2 என்ற கணக்கில் வென்று, உலகக் கிண்ணப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. ஜப்பானியர் அந்நிகழ்வை இன்றும் ‘ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி’ என்றே நினைவுகூர்கின்றனர். ஆடிய இரு குழுக்களும் அயல்நாட்டவை. ஆயினும் ஒரு நாட்டின் மகிழ்ச்சிக்கு நம்மூரின் பெயரே பெயராயிற்று. ஊர் என்பது அங்குப் பிறந்தோருக்கு மட்டும் நினைவாகும் பொருளன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வூருக்கு ஆப்பிரிக்கர் எவ்வாறு வந்தனர்? பலர் மாணவராக வந்தனர். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தோர் மேற்படிப்புப் பயின்று வந்துள்ளனர். சிலர் பந்தாட்டக்காரராக வந்தனர். அவர்களை நாம் தெருவில் காணும்போது, நம் விழாக்கள் அவர்களுக்குப் புதுமையாகவும் விளங்காதனவாகவும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. காம்பியா, செனகல் நாடுகளில் வாழும் மாண்டிங்கா மக்களிடையே ‘கங்குராங்’ என்னும் சடங்கு உண்டு. மரப்பட்டையாலும் செந்நிற நாராலும் உடல் முழுதும் மூடிய முகமூடி உருவம், சிறுவர்கள் இளைஞராகும் சடங்கின்போது தெருவில் தோன்றும். தீயவை அகலவும் ஒழுங்கு நிலைக்கவும் அது வருவதாக அம்மக்கள் நம்புகின்றனர். யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நைஜீரியாவில் யோருபா மக்கள், மறைந்த முன்னோர் முகமூடியணிந்து தெருவுக்கு வருவதாகக் கருதி ‘எகுங்குன்’ விழா எடுக்கின்றனர். அம்மண்ணில் வளர்ந்தவருக்குத் தெய்வம் தெருவுக்கு வருதல் புதிய செய்தியன்று. பறையொலி கேட்டதும் கால் தானே அசைவதும் அவருக்குப் பழக்கமானதே. நாம் அவரைப் புரிந்துகொள்வதைவிட அவர் நம்மைப் புரிந்துகொள்ளுதல் எளிதாக இருக்கக்கூடும்.

விளையாட்டின் வழியே இந்நாட்டுக்கு உரியவரான ஒருவரை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முகமடு சுமாரே காம்பியாவில் பிறந்தவர். இளமையிலேயே மலேசியா வந்து இங்கு வளர்ந்தவர். பகாங் குழுவுக்கு ஆடினார். முன்னோர் வழித் தொடர்பு எதுவுமின்றி, இங்கு வாழ்ந்த வாழ்வைக் கொண்டே குடியுரிமை பெற்று 2018இல் தேசியக் குழுவில் இடம் பெற்றார். 2019 செப்டம்பர் 5ஆம் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை மலேசியா 3-2 என வென்றபோது, இரண்டு கோல்கள் அவருடையவை. வெற்றிக்குரிய கோலும் ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் காலிலிருந்தே பிறந்தது. 2021இல் அவர் ஜொகூர்க் குழுவில் சேர்ந்தார். அந்த ஜகார்த்தா இரவில் வானொலியருகிலும் தொலைக்காட்சியருகிலும் இருந்த மலேசியருள், அவர் எங்குப் பிறந்தார் என்று கேட்டவர் எவரும் இருந்திருக்க மாட்டார். அவர் நம்மவர், அவ்வளவே.

இந்த ‘நம்மவர்’ என்னும் உணர்வு எங்கிருந்து வருகிறது? சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட சமயம் பற்றிய நூலில் இதனை ஆராய்ந்தார். மக்கள் ஓரிடத்தில் திரண்டு ஒரே செயலில் ஈடுபடும்போது, தனிமனிதரிடம் இல்லாத ஓர் ஆற்றல் கூட்டத்தினிடையே எழுகிறது. அந்தக் கூட்டுக் கிளர்ச்சியே சமூகம் தன்னைத் தான் உணரும் நிலை என்பது அவர் கருத்து. பின்னர் விக்டர் டர்னர் என்னும் மானிடவியலார், இன்றைய ஜாம்பியாவில் வாழும் நிடெம்பு மக்களின் சடங்குகளை 1950களில் நேரில் கண்டு ஆய்ந்தார். சடங்கின் நடுவே பதவியும் பட்டமும் மேல்கீழும் மறைந்து, மனிதர் மனிதராக மட்டும் எதிர்ப்படும் நிலை ஒன்று உண்டாவதை அவர் விளக்கினார். விழாவின் இயல்பை அறிவுலகம் ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டது என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஆயினும் இக்கிளர்ச்சியை அப்படியே அறம் என்று கொள்ளுதல் பொருந்தாது. கூட்டத்தின் கொதிப்பு நெருப்பைப் போன்றது. சோறு சமைப்பதும் அதுவே. வீட்டை எரிப்பதும் அதுவே. 2006ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சரகோசா அரங்கில் கேமரூன் வீரர் சாமுவேல் எட்டோவை நோக்கி, கூட்டத்தில் ஒரு பகுதியினர் குரங்குபோல் ஒலியெழுப்பினர். மனம் நொந்த அவர் ஆட்டத்தைவிட்டு வெளியேற முற்பட்டார். அங்கும் மக்கள் திரண்டிருந்தனர்; அங்கும் ஒரே குரலாகத்தான் கூவினர். ஒன்றுபட்டுக் கூவுவதனாலேயே ஒரு குரல் நல்ல குரலாகிவிடாது. ஆகவே, விழா தரும் உறவை மதிப்பிட அவ்விழாவினுள் அளவுகோல் இல்லை. அதற்கு வெளியே, விழா இல்லாத நாளில்தான் அவ்வளவுகோலைத் தேட வேண்டும்.

இங்குத் தமிழ் கற்றோர்க்கு வள்ளுவரின் வைப்புமுறை ஒரு வழி காட்டுகிறது. விருந்தோம்பல் என்னும் அதிகாரம் எங்கே அமைந்துள்ளது? அன்புடைமைக்கு அடுத்தும் இனியவை கூறலுக்கு முன்னும், ஒன்பதாம் அதிகாரமாக நிற்கிறது. அன்பு உள்ளத்தில் பிறக்கிறது. விருந்தாகக் கையில் வெளிப்படுகிறது. இன்சொல்லாக நாவில் நிலைக்கிறது என்று இவ்வரிசையை விளங்கிக்கொள்ளலாம். அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்வதிகாரம் இல்லறவியலில் அமைந்துள்ளது, அரசியலில் அன்று. விருந்தினரை வரவேற்பது அரசனின் பெருமையாகவோ ஊர்க்கூட்டத்தின் ஆரவாரமாகவோ கூறப்படவில்லை. வீட்டில் வாழ்வாரின் கடமையாகக் கூறப்படுகிறது. தெருவில் கைதட்டுதல் விருந்தோம்பல் ஆகாது. வாயிற்கதவு திறந்தால்தான் அது விருந்தோம்பல்.

‘விருந்து’ என்னும் சொல்லின் பொருளையும் எண்ணுதல் வேண்டும். இன்று அது உணவைக் குறிக்கிறது. அதற்கு முன் புதிதாய் வந்தவரைக் குறித்தது. தொல்காப்பியம் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றும் ‘விருந்து’ எனப்படும். புதிதாகப் புனையப்படும் யாப்புக்கு அங்கு அப்பெயர். ஆக, விருந்து என்பதன் வேர்ப்பொருள் புதுமை. உறவினர் வருகை விருந்தன்று. முன்பின் அறியாதவர் வருகையே விருந்து. ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லும் ‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொருளால் ஒன்றுபடுகின்றன. புதிய ஊர் என்று பெயர் கொண்ட நகரில் புதியவருக்கு இடமில்லை என்றால், அந்நகர் தன் பெயரையே மறந்ததாகும்.

இனி நம் வீட்டுக் கதவுகளைப் பார்ப்போம். வாடகை வீடு தேடும் இந்தியர் இந்நாட்டில் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. இன்ன இனத்தார்க்கு மட்டும் என்று விளம்பரத்தில் எழுதப்பட்டிருக்கும்; அல்லது தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் அறை ஏற்கெனவே போய்விட்டது என்ற விடை வரும். இந்த அவமதிப்பைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், சினந்திருக்கிறோம். சினம் நேர்மையானதே. ஆயின் நம்மவர் வீட்டு உரிமையாளராக இருந்து, வாயிலில் ஓர் ஆப்பிரிக்க மாணவர் வந்து நின்றால், நாமும் அதே விடையைத்தானே கூறுகிறோம்? நமக்கு மூடப்பட்ட கதவின் தாழ்ப்பாள், நம் கையில் இருக்கும்போது நல்லதாகிவிடுமா?

சொற்களிலும் இவ்வாறே. தமிழரை இழித்துக் கூறப் பயன்படும் ‘கெலிங்’ என்னும் சொல் நம் நெஞ்சைச் சுடுகிறது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த சொல்லே அது. ஒரு காலத்தில் வெறும் அடையாளமாய் இருந்து, பின்னர் வசையாய்த் திரிந்தது. அச்சொல்லை எதிர்த்து நாம் குரல் கொடுக்கிறோம். அதே நாவில் ‘காப்பிரி’ என்னும் சொல்லும் தடையின்றிப் புழங்குகிறது. நம்பிக்கையற்றவர் என்னும் பொருளுடைய அரபுச் சொல் போர்த்துக்கீசியர் வாய்வழி நம் மொழிக்கு வந்து, ஆப்பிரிக்கரின் நிறத்தையும் முடியையும் எள்ளும் சொல்லாயிற்று. தென்னாப்பிரிக்காவில் அதன் இனச்சொல்லைப் பிறர்மீது வீசிய ஒருவருக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. நம்மிடையே அது வேடிக்கைச் சொல்லாக உலவுகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் எழுவர் காற்பந்தாட்டம் பெரும் திருவிழாவாக நடக்கும். அங்கு ஆடவரும் ஆப்பிரிக்கர், நைஜீரியரோ கானாவினரோ எவராயினும், ‘சுடானி’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவதுண்டு. அதில் வெறுப்பில்லை, அன்பும் உண்டு. ஆயினும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தை ஒற்றைப் பெயரில் அடக்குதல், தனியொருவரின் முகத்தைக் காண மறுத்தலேயாகும். தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் ஒரே பெயரால் குறிக்கப்பட்ட காலத்தை நாம் மறந்துவிட்டோமா?

கைதட்டலுக்கும் உரிமைக்கும் உள்ள இடைவெளியைத் தமிழர் தம் வாழ்விலேயே கண்டிருக்கின்றனர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று, மலேசியக் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது வேறு செய்தி. அக்குழுவின் கோல் காவலர் ஆறுமுகம். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அவரைக் கொண்டாடியது. 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது எல்லா இனத்தாரும் வருந்தினர். அந்த அன்பு பொய்யன்று. ஆனால் அதே ஆண்டுகளில், அரங்கில் அவர் பெயரைக் கேட்டுப் பூரித்த தோட்டப்புறத் தமிழருள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு, பிறந்த மண்ணிலேயே குடிமக்கள் அல்லாதவராய் வாழ்ந்தனர். 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதன் விளைவாகப் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்ப நேர்ந்த துயரம் நம் கதைகளிலும் பாடல்களிலும் பதிந்துள்ளது. ஆறுமுகத்தின் கைகளுக்குக் கிடைத்த கைதட்டல், தோட்டத்து வரிசை வீட்டின் வாயில்வரை சென்று சேரவில்லை.

இதனோடு அண்மை நிகழ்ச்சி ஒன்றையும் ஒப்பு நோக்கலாம். 2025 செப்டம்பரில் பிபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு தீர்ப்பு வழங்கியது. மலேசியத் தேசியக் குழுவுக்கு ஆடிய ஏழு வெளிநாட்டு வீரர்களின் பாட்டன் பாட்டியர் இந்நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று அது முடிவு கண்டு, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்கு தண்டம் விதித்தது. அவ்வீரர்களுள் ஜொகூர்க் குழுவினரும் இருந்தனர். நவம்பரில் பிபாவின் மேல்முறையீட்டுக் குழு அதனை உறுதி செய்தது. பின்னர் வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. குற்றம் யாருடையது என்று ஆராய்தல் நம் வேலையன்று. அச்செய்தியில் ஒளிந்திருக்கும் அறக்கேள்வியே நமக்கு வேண்டியது. ஒருவர் நம்மவர் என்பதற்குச் சான்று எது? பாட்டனார் பிறந்த இடத்தைக் கூறும் தாளா, அன்றி அவர் நம்மிடையே வாழ்ந்த ஆண்டுகளா? பாட்டனாரும் தந்தையும் இம்மண்ணிலேயே உழைத்து மடிந்திருந்தும், ஒரு பிறப்புச் சான்று கையில் இல்லாமையால் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய தோட்டக் குடும்பங்களை நாம் அறிவோம். ஒருபுறம் வாழ்வு இருந்தும் தாள் இல்லை. மறுபுறம் வாழ்வின்றித் தாள் மட்டும் என்பது பிபாவின் முடிவு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுமாரேயின் வழியே நேர்வழி என்பது விளங்கும். அவர் பாட்டனைத் தேடவில்லை. இங்கு வாழ்ந்தார், அந்த வாழ்வையே சான்றாகக் காட்டினார்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வருபவர் அனைவரையும் நம்மவர் என்று ஏற்றுக்கொண்டால் ஊர் என்னும் வரம்பே அழிந்துவிடாதா? வந்தவருள் விசாக் காலம் கடந்தும் தங்குவோர் உண்டு. மோசடியில் ஈடுபட்டோரும் உண்டு. வீட்டுக்காரர் அஞ்சுவதில் தவறென்ன? இம்மறுப்பை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. வரம்பில்லாத வீடு வீடாகாது. ஜெர்மானிய மெய்யியலார் காண்ட் 1795இல் நிலைத்த அமைதி குறித்து எழுதிய நூலில் இதனைக் கருதினார். வந்து காணும் உரிமை வேறு, நிலையாகத் தங்கும் உரிமை வேறு என்று அவர் பிரித்தார். முன்னது எல்லா மாந்தர்க்கும் உரியது. ஏனெனில் நிலவுலகு உருண்டையானது. மக்கள் முடிவின்றி விலகிச் சென்றுகொண்டே இருக்க இயலாது. எங்கேனும் ஒருவரையொருவர் சந்தித்தே ஆகவேண்டும். பின்னதற்கோ இருவரிடையே தனி உடன்பாடு வேண்டும் என்றார்.

இப்பகுப்பை ஏற்றுக்கொண்டாலும், அது நமக்கு ஒரு கடமையை விட்டுச் செல்கிறது. வந்தவரைப் பகைவராக நடத்தலாகாது என்பதே அது. சட்டத்தை மீறியவரைச் சட்டம் தண்டிக்கட்டும். அவர் செய்த பிழையை அவர் நிறத்தார் அனைவர் மீதும் சுமத்துதல் நீதியன்று. ஒரு தமிழ் இளைஞன் குற்றம் இழைத்த செய்தியைக் காட்டித் தமிழர் எல்லாரும் இப்படித்தான் என்று பிறர் கூறும்போது நாம் தரும் விடை எதுவோ, அதே விடையை ஆப்பிரிக்கர் பொருட்டும் நாம் தரவேண்டும். தனக்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு நீதியும் கொண்டவர் நீதியையே கொள்ளாதவர்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். விழாவில் பிறக்கும் உறவு மெய்யா, மயக்கமா? முற்றிலும் மயக்கம் என்று தள்ளிவிட இயலாது. சிங்கே உலாவில் ஐந்து மொழிக்குழுவினர் ஆண்டுதோறும் இணைவது, ஆண்டின் மற்ற நாள்களிலும் அவர்கள் கூடிப் பணியாற்றியதனால்தான் நிலைத்தது. விழா அவர்களுக்கு ஒத்திகை, வாழ்வே அரங்கேற்றம். முற்றிலும் மெய் என்றும் கூறிவிட இயலாது. கோல் புகுத்தும்வரை தழுவி, வாய்ப்பைத் தவறவிட்டதும் தாயகத்துக்குத் திரும்பிப் போ என்று வைவது உறவன்று, அது வாணிகம். பயன் கருதி அளிக்கும் சோறு விருந்தாகாததுபோல, கோல் கருதி அளிக்கும் தழுவல் தோழமை ஆகாது. விழா தருவது ஒரு கடன்சீட்டைப் போன்றது. அந்த இரவில் நாம் ஒருவரை நம்மவர் என்று அழைத்துவிடுகிறோம். அச்சொல்லை மறுநாள் தொடங்கி நம் நடத்தையால் மெய்யாக்கினால் கடன் தீர்கிறது. இல்லையேல் நம் ஆரவாரம் பொய்க்கையெழுத்தாகிறது.

ஆகவே, ஒரு சமூகத்தின் விருந்தோம்பலை அளக்க வேண்டுமாயின், அது போற்றும் பந்தாட்ட வீரரைப் பார்த்துப் பயனில்லை. பந்தாடத் தெரியாத ஆப்பிரிக்கரைப் பார்க்க வேண்டும். நூலகத்தில் அமர்ந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் அவர், மாலையில் உணவுக் கடைக்குள் நுழையும்போது பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போகிறாரா? பேருந்தில் அவருக்கு அருகிலுள்ள இருக்கை வெறுமையாகவே கிடக்கிறதா? கடைக்காரர் அவரிடம் சில்லறை தரும்போது கையில் தருகிறாரா, மேசைமேல் வைக்கிறாரா? ஆரவாரமற்ற இச்சிறு செயல்களில்தான் ஒரு நாகரிகத்தின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். மண்டபச் சுவர்களில் எழுதி வைக்கிறோம். உலகமே அதைக் கேட்டு வியக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அப்பாட்டு பிறரைப் பெருமைப்படுத்தப் பிறந்ததேயன்றி, நம்மை நாமே பெருமைப்படுத்திக்கொள்ளப் பிறந்ததன்று. வகுப்பில் அதனைக் கற்பிக்கும் நாளில், ஆப்பிரிக்கா ஒரே நாடன்று, பல நாடுகள் கொண்ட கண்டம் என்பதையும் கூறலாம். யோருபா, மாண்டிங்கா, சுலு என்று அம்மக்களின் பெயர்களைச் சொல்லிப் பழக்கலாம். ‘காப்பிரி’ என்னும் சொல் நாவில் வந்தால், ‘கெலிங்’ என்னும் சொல் நமக்குத் தந்த வலியை நினைவூட்டலாம். மொழி கற்பிப்போர் செய்யத்தக்க சீர்திருத்தங்களுள் சொல்லைத் திருத்துதலைவிடத் தொடக்கத்துக்கு ஏற்றது எதுவும் இல்லை.

அடுத்த உலாவுக்கும் தெரு தூய்மை செய்யப்படும். அடுத்த ஆட்டத்துக்கும் வாழையிலை வடிவான அரங்கு நிரம்பும். அங்கு வந்து நிற்கும் அயலாரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது அவருடைய பெயர். அப்பெயரை மறுநாளும் நினைவில் வைத்திருந்து, தெருவில் கண்டபோது அதைச் சொல்லி அழைப்போமாயின், விழா தன் பணியைச் செய்துவிட்டது என்று பொருள்.